கவலை இல்லாத ஊரின் மருத்துவமாது

என் பிரிவில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கும் மனக்கவலை கிடையாது என்று அரசாங்கத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தவள் நான். ஒரு மாதம் கைதவறி எழுதியதல்ல, பல மாதங்கள் விடாமல் எழுதினேன். கையொப்பமும் வைத்து, கீழே ரப்பர் முத்திரையும் குத்தினேன். அதோடு நின்றிருக்கலாம். அது என் திறமை என்றும் நம்பினேன். கிளினிக்கில் நான் விடும் பகிடிகளால்தான் கற்பிட்டிப் பக்கத்துப் பெண்கள் கவலை மறந்து திரிகிறார்கள் என்று ஒபிஸில் சொல்லி, மஸ்கட் அல்வா வாங்கிக்கொண்டுபோய் எல்லாருக்கும் பங்கிட்டேன். சாப்பிட்டவர்களில் ஒருவராவது என்னைத் திருத்தியிருக்க வேண்டும். மஸ்கட் நன்றாக இருந்தபடியால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த கிளினிக்கில் கதவு வைத்த ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளிடம் மனநிலையைப் பற்றிக் கேட்பதற்கென்றே அந்த அறை. திறப்பு விழாவுக்கு, ஓய்வுபெற்று வீட்டில் புத்தகமும் கையுமாகக் கிடந்த என்னையும் கூப்பிட்டு, பழைய அனுபவம் பேசச் சொன்னார்கள். பேசினேன். பாற்சோறு ஆறுகிறது என்று பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன். வாசிப்பவர்களுக்கு ஆறிப்போக ஒன்றும் இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. சிலாபம் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட்டில் நின்று நின்று கால் வீங்கியது. கர்ப்பிணிகளின் கால் வீக்கத்தைக் கவனமாகக் குறித்துக்கொண்ட எனக்கு என் கால் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நித்திரையாகிவிடுவேன். புத்தளத்தோடு ரயில் நின்றுவிடுவதால்தான் வீடு வந்து சேர்ந்தேன். தண்டவாளம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் நித்திரையிலேயே களப்புத் தண்ணீருக்குள் இறங்கியிருப்பேன். பிறகு பிரிவு கிடைத்தது, வெள்ளைச் சீருடை கிடைத்தது, ஒரு ஸ்கூட்டியும் வாங்கினேன். ஊர் என்னை "மிட்வைப் மிஸ்" என்றது. சுபைதா என்ற பெயர் பென்ஷன் பத்திரத்தில்தான் திரும்பக் கிடைத்தது.

என் கிளினிக் உண்மையில் ஒரு பாலர் பாடசாலை. கிளினிக் நாட்களில் பிள்ளைகளுக்கு லீவு கொடுத்துவிட்டு, வரப்போகும் அவர்களுடைய தம்பி தங்கைகளை அங்கே அளந்தோம். கதிரைகள் நாலு வயதுப் பிள்ளைக்காகச் செய்தவை. எட்டு மாதத் தாய் ஒருத்தி அதில் இருந்துவிட்டால் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். சுவரில் முயலும் ஆமையும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே இருத்திப் பிரஷர் பார்ப்போம். வயிற்றைப் பரிசோதிக்கும் கட்டிலைச் சுற்றிப் பூப்போட்ட திரை ஒன்று. அது கண்ணுக்கு மட்டும்தான் தடை. திரைக்கு அந்தப் பக்கம், மருமக்களைக் கூட்டிவந்த மாமிமார் வரிசையாக இருந்து, உள்ளே நான் சொல்வதற்கு அங்கிருந்தே மறுமொழி சொல்வார்கள்.

அப்படியான இடத்துக்குத்தான் பத்துக் கேள்வித் தாள் வந்து சேர்ந்தது. பிரஷரை அளக்கிறோம், சீனியை அளக்கிறோம், இரத்தத்தை அளக்கிறோம், மனதை மட்டும் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறோம் என்று எங்கள் டொக்டர் வகுப்பெடுத்தபோது, அது நியாயமாகத்தான் பட்டது. சிரிப்பு வருகிறதா, நித்திரை வருகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசிக் கேள்வியில் உயிரை விடும் எண்ணம் வந்ததா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி உண்டு. கூட்டுத்தொகை ஏறினால் டொக்டரிடம் அனுப்ப வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் கூட்டல் கழித்தல் கிடையாது. "ஓம்" என்று ஒத்துக்கொண்டால் அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

தாளின் தமிழ் மேடைத் தமிழ். எனக்குப் பிடித்திருந்தது, புத்தகம் வாசிக்கிற புத்தி. முதல் நாள் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "மிஸ், இது வக்கீல் அனுப்பினதா?" என்றாள்.

மொழியை மாற்றிவிட்டேன். பதில்தான் மாறவில்லை. எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்: அல்ஹம்துலில்லாஹ், புகழெல்லாம் இறைவனுக்கே. எங்கள் பக்கத்தில் சுகம் விசாரித்தால் அதுதான் மறுமொழி. காய்ச்சலில் கிடப்பவரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் இருமுவார். வலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவரும் சொல்வார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கையில் அகப்பட்டதோடு வந்து, எங்கள் ஊரில் ஓலைக் கொட்டிலில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். இறைவன் தந்ததைப் பற்றி நாலு பேர் முன்னால் முறைப்பாடு வைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. தாளில் அந்தப் பதிலுக்குக் கட்டம் கிடையாது. ஆகவே குறை ஒன்றும் இல்லை என்று பொருள்படும் கட்டத்தில் கோடு போட்டேன். பத்துக் கேள்விக்கும் குறை இல்லை, எல்லாருக்கும் பூச்சியம். மஸ்கட்டுக்குக் காரணம் அந்தப் பூச்சியங்கள்தான்.

எங்கள் மேற்பார்வை மருத்துவமாது குசுமா மிஸ். தாய்மொழி சிங்களம், தமிழை எங்கள் பெண்களிடமே பொறுக்கிக்கொண்டவர். குரல் உயர்த்தமாட்டார். ஏதாவது சரியில்லை என்று பட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சாரித் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்ப்பார், பிழை கண்ணாடியில் இருக்கக்கூடும் என்பதுபோல. அதற்குப் பிறகும் பிழை அங்கேயே இருந்தால், "ஹொந்தாய்" என்பார். சிங்களத்தில் அது "நல்லது". அவர் வாயால் அதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கிழமை நல்லதாகப் போனதில்லை.

மாதக் கூட்டத்தில் என் பூச்சியங்களைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"ஹொந்தாய்," என்றார். "சுபைதா மிஸ், ஒங்கட ஏரியாவுல எனக்கும் ஒரு சின்ன வீடு பாருங்க. பென்ஷன் எடுத்ததும் வாரன். கவலை இல்லாத எடம்தானே."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வளவு விற்பனைக்கு இருப்பதாகவும் சொல்லிவைத்தேன்.

அடுத்த கிளினிக் நாளில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஒரு நேர்சரிக் கதிரையில், முழங்கால் நாடியில் இடிக்க, காலை முழுவதும் அசையாமல் இருந்து கேட்டார். அன்றைக்குத்தான் நஸ்மியா வந்திருந்தாள். அது அவளுடைய உண்மைப் பெயரல்ல. எழுதலாமா என்று அவளிடம் கேட்டபோது, எழுதுங்கள், ஆனால் பெயரை நான்தான் தெரிந்தெடுப்பேன் என்றாள். இது உண்மைப் பெயரைவிட வடிவாம்.

நஸ்மியாவின் முதல் பிள்ளை கடைசி மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே மௌத்தாகிவிட்டது. இது இரண்டாவது, ஆறு மாதம் கடந்திருந்தது. புருஷன் ஆழ்கடல் வள்ளத்தில் போகிறவன், நாள்கணக்கில் வரமாட்டான். கிளினிக்குக்குக் கூட்டிவருபவர் மாமி ஹாஜரா. என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் ராத்தா என்பேன். கொடுமைக்கார மாமியாரை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மருமகளுக்குப் போத்தலில் தண்ணீர், துவாயில் சுற்றிய விசிறி, கொறிக்கக் கடலை எல்லாம் கொண்டுவருவார். மறுமொழிகளையும் அவரே கொண்டுவருவார்.

"சிரிப்பு வருதா நஸ்மியா?" என்று கேட்டேன்.

"வருது மிஸ், நேத்தும் சிரிச்சா," என்றார் ஹாஜரா ராத்தா.

"நித்திரை?"

"படுத்தா எழும்ப மாட்டா."

"பயம் ஏதும்?"

"எங்கட ஊட்டுல என்ன பயம் மிஸ்? நான் இரிக்கன்தானே."

நஸ்மியா தன் பங்குக்கு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நான் கோடு போட்டேன்.

கூட்டம் கொஞ்சம் கலைந்தபோது குசுமா மிஸ் கதிரையை விட்டு எழும்ப முயன்று, முடியாமல், இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். சுற்றிவர மாமிமார், நேர்சரி டீச்சர், உதவிக்கு நிற்கும் அக்கா எல்லாரும் இருந்தார்கள்.

"சுபைதா மிஸ், நித்திரை எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லம் மிஸ்."

"மனசுல பயம் ஏதும்?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒண்டும் இல்ல."

குசுமா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். நெஞ்சு நோ என்று என் கணவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த கிழமை அது. நான் கண் மூடவில்லை. லீவுக் கடிதத்தில் காரணம் எழுதியிருந்தேன். அதில் ஒப்பமிட்டவரே குசுமா மிஸ்தான். (அந்த நோ கடைசியில் வாயு என்று தெரியவந்தது. கணவருக்கு அதில் இன்றுவரை சிறிய ஏமாற்றம்.)

திரும்பிப்போக ஒபிஸ் வான் வண்டியில் ஏறும்போது குசுமா மிஸ் சொன்னார்: "நீங்க கேள்வி கேக்கல்ல. சலாம் சொன்னீங்க, அவங்க பதில் சலாம் சொன்னாங்க. தனியா வச்சுக் கேளுங்க. எங்க வச்சு எண்டு எனக்குத் தெரியா. அது ஒங்கட ஏரியா."

தனிமை என்பது எங்கள் கரையில் கிடைக்காத சாமான். மாமிமாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிப் பார்த்தேன். முதல் மாமியே பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒப்பாரி வைக்க, அன்றைய கிளினிக் அதோடு முடிந்தது. வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்து, பிளேன்டித் தேநீரும் கையுமாக என்னைச் சுற்றி இருந்துவிடுவார்கள். திரைக்குள் காதோடு காதாகக் கேட்டால், வெளியே பேச்சு நின்று, எல்லாக் காதும் திரைப் பக்கம் திரும்பும்.

மாமி வராத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் எடுத்தது. ஒவ்வொரு தாயும் சலம் பரிசோதிக்க ஒரு சின்னப் போத்தலை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குத் தனியாகப் போவாள். அது நேர்சரிக்குப் பின்னால், சுடுமணலைக் கடந்து, எல்லைச் சுவர் ஓரமாக இருந்தது. அந்தப் பாதையில்தான் என் கவலை விசாரணை நடந்தது. பட்டம் பெற்றவர்கள் வேறு மாதிரி ஏற்பாடு செய்திருப்பார்கள். எனக்குக் கிடைத்தது அதுதான்.

முதலில் ஒரு நேர்சரிக் கதிரையை அங்கே போட்டு இருந்தேன். நான் ஒல்லியான பெண் அல்ல. போத்தலோடு வந்த புள்ளத்தாச்சியே என்னைத் தூக்கிவிட வேண்டியிருந்ததால் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டேன். குடை பிடித்தேன், கடல் காற்று அதைக் கிண்ணமாக்கியது. சுவர் ஓரத்தில் ஒரு ஆள் நிற்கக் கூடிய நிழல் இருந்தது. அதில் கழுதை நின்றது. எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஆனால் நிழல்களுக்கு அவை சொந்தக்காரர். ஆகவே நான் வெயிலில் நின்றேன்.

பேச்சு மெல்ல மெல்ல வந்தது. ஒருத்தி புருஷன் கடலுக்குப் போனால் சோறு இறங்குவதில்லை என்றாள். உச்சமுனையிலிருந்து படகில் வரும் ஒருத்தி, காற்று நாளில் வலி வந்தால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்தே நித்திரை போய்விட்டது என்றாள். தாளில் புள்ளிகள் விழத் தொடங்கின. நஸ்மியா மட்டும் ஒவ்வொரு தரமும் அல்ஹம்துலில்லாஹ் என்றுவிட்டுப் போத்தலோடு போய்விடுவாள்.

அவளிடம் எனக்கு இடித்த விஷயம் வேறு. பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வயிற்றில் ஒரு சின்னக் குழலை வைத்துக் காது கொடுப்போம். நான் தலையைத் தூக்குவதற்குள் எல்லாத் தாய்மாரும் கேட்பது ஒன்றுதான்: துடிப்பு நல்லமா மிஸ்? நஸ்மியா கேட்டதேயில்லை. முதல் பிள்ளையை அப்படிப் பறிகொடுத்தவள் அல்லவா முதலில் கேட்க வேண்டும்? அவள் கூரைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். நானாகச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போவாள்.

ஒரு கிளினிக் நாள், அன்றைக்குக் காற்றும் இல்லை. போத்தலை அபாயா மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். மறித்தேன்.

"எப்படி புள்ள மனசு?"

"அல்ஹம்துலில்லாஹ் மிஸ்."

வெயில் மண்டைக்குள் இறங்கியிருந்தது. யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன்.

"அது அல்லாஹ்வுக்குச் சொன்னது புள்ள. அவனுக்குப் போய்ச் சேர்ந்திரிக்கும். இப்ப எனக்குச் சொல்லுங்க."

அவள் மணலைப் பார்த்தாள். நான் நகரவில்லை. கழுதையும் நகரவில்லை. வியர்வை என் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை. பிறகு நஸ்மியா பேசினாள்.

"முந்தி இருட்டுல கிணத்தடிக்குப் போகப் பயம் மிஸ். இப்ப அந்தப் பயம் இல்ல."

நான் பகிடிக்குப் பேர்போனவள். ஒரு பகிடியும் வரவில்லை. "சபூர் செய்யுங்க", பொறுமையாக இருங்கள், என்ற சொல்தான் வாய்வரை வந்தது. நாங்கள் எல்லாருக்கும் சொல்வது. விழுங்கிவிட்டு, ஏன் இல்லாமல் போனது என்று கேட்டேன்.

"புள்ள அசையிற நேரமெல்லாம் இதுவும் நிண்டிடும் எண்டு நெனைக்கன். அது நிக்கிறதுக்கு முந்தி நான் போயிட்டா, நிண்டது எனக்குத் தெரியாமப் போயிடும்தானே."

சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும் என்று டொக்டர் வகுப்பில் சொல்லியிருந்தார். கேட்டேன்.

"உயிர விட நெனச்சீங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"நேத்தும்."

அவள் அழவில்லை. போத்தலின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியிடம் சொல்லவேண்டாம் என்றாள். இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்றைக்கு வீட்டுக்குத் தனியாக அனுப்பவும் மாட்டேன் என்றேன்.

குசுமா மிஸ்ஸுக்குப் போன் எடுக்க வேண்டும். அந்த வளவில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலை, கழுதை நின்ற மூலை. நஸ்மியாவின் கையை விட எனக்கு மனமில்லை. ஆகவே இருவருமாகப் போய், மிஞ்சியிருந்த கைகளால் கழுதையைத் தள்ளினோம். அவளும் பலமாகத்தான் தள்ளினாள். அந்த நேரத்திலும் அது எனக்கு ஒரு நல்ல அறிகுறியாகப் பட்டது.

விஷயத்தைச் சொன்னதும் குசுமா மிஸ் "ஹொந்தாய்" என்று சொல்லவில்லை.

"கைய விட்டீங்களா?" என்றார்.

"இல்ல மிஸ்."

"விட வேணாம். இண்டைக்கே புத்தளம் ஆஸ்பத்திரி. நான் டொக்டரிட்ட கதைக்கிறன்."

மாமியிடம் பிரஷர் கூடியிருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். புத்திசாலித்தனமான யோசனை என்றுதான் நினைத்தேன்.

"பிரஷர் எண்டு சொன்னா மாமி உப்பக் குறைப்பா," என்றார் குசுமா மிஸ். "கிணத்த மூட மாட்டா. புள்ளையிட்டக் கேட்டு, சம்மதம் வாங்கிச் சொல்லுங்க."

நஸ்மியாவிடம் அதை அப்படியே சொன்னேன். யோசித்தாள். கடைசியில், "சொல்லுங்க. ஆனா முதல்ல வயித்துப் புள்ள நல்லம் எண்டு சொல்லிட்டுச் சொல்லுங்க," என்றாள்.

உதவிக்கு நிற்கும் அக்காவை அவள் பக்கத்தில் இருத்திவிட்டு, ஹாஜரா ராத்தாவையும் அதே கக்கூஸ் பாதைக்குக் கூப்பிட்டேன். விசிறியோடு வந்தார். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தாய்க்குத்தான் மனதில் சுகமில்லை, இது பைத்தியம் அல்ல, வைத்தியம் உண்டு, இன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும், கிணற்றடிக்கு அவளைத் தனியாக விடக்கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து, என் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் விசிறியை மடித்தார்.

"எனக்கு வெளங்கும் மிஸ்," என்றார். "நான் வாய மூடினா அவ அழுதிடுவா எண்டுதான் மூடாம இரிக்கன். நானும்தான் நித்திரை கொள்றல்ல." பிறகு, கேட்பதற்கு வெட்கப்படுகிறவர் போல, "அந்தக் கேள்வி மாமிமாருக்கும் கேக்கறதா?" என்றார்.

அதற்குத் தாள் கிடையாது. தாள் இல்லாமலே கேட்டேன். போன பிள்ளையை அடக்கம் செய்யக் கபன் துணி மடித்துக் கொடுத்தவர் அவர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தை யாரும் கதைக்கவில்லை.

திரிவீல் ஆட்டோவில் புத்தளம் போனோம். வழி நெடுக ஹாஜரா ராத்தா கதைத்தார். காற்றாலை ஏன் சில நாள் சுற்றுவதில்லை, மழை வந்தால் உப்புக்கு என்ன நடக்கும், யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம் என்று. கொஞ்சம் பேசாமல் வாருங்கள் என்று சொல்லத் திரும்பியபோது, நஸ்மியா அவருடைய தோளில் சாய்ந்து நித்திரையாகியிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் இளம் டொக்டர் அம்மா. தமிழை எண்ணி எண்ணித்தான் பேசினார். அதனால் இடையிடையே அவளுக்குப் பேச நிறைய நேரம் கிடைத்தது. சில நாட்கள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்குப் பாதகமில்லாத மருந்து கொடுத்தார்கள், பிறகு தவறாமல் வந்து கதைக்கச் சொன்னார்கள். ஹாஜரா ராத்தா வீட்டுக் கிணற்றுக்குத் தகட்டில் மூடி போட்டு, பூட்டும் போட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பூனை விழுகிறது என்றார். எங்கள் ஊரில் அவ்வளவு பூனை கிடையாது.

ஊர் என்ன கதைக்கும் என்றுதான் நான் பயந்தேன். ஊர் கதைப்பதற்கு ராத்தா ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கல்யாண வீட்டிலும் மீன் வாடியிலும் தானே முந்திக்கொண்டு, என் மருமகளுக்கு மனதில் சுகமில்லை, மருந்து எடுக்கிறாள், உங்களில் யாருக்கும் வேண்டுமென்றால் மிஸ்ஸிடம் கேளுங்கள் என்று அறிவித்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் இரண்டு மாமிமார் தங்கள் மருமக்களைத் தாங்களே கக்கூஸ் பக்கம் அனுப்பிவைத்தார்கள். சலம் கொடுத்து முடித்த பிறகும்.

நான் சந்தோஷப்பட்ட நாள் வேறு. ஒரு கிளினிக் காலையில் நஸ்மியாவின் வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மாமிமார் சத்தம். மேலிருந்து மெல்லிய குரலில் ஒரு கேள்வி வந்தது.

"துடிப்பு நல்லமா மிஸ்?"

துடிப்பு நல்லமாகத்தான் இருந்தது. காது கேட்காதவள் போல இன்னொரு தரம் கேட்கவைத்தேன். அவள் கேட்டாள். திரைக்கு வெளியேயிருந்து, "நல்லம் எண்டு சொல்லுங்க மிஸ்," என்றார் ஹாஜரா ராத்தா.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ராத்தா எடுத்த போனில் குழந்தை அழுவது மட்டும்தான் கேட்டது. ராத்தாவுக்குப் பேச்சு வரவில்லை. அவரை நான் அறிந்த காலத்தில் அது ஒரு தரம்தான்.

பிறகு எனக்குக் கொஞ்சம் பேர் வந்தது. தனியாகக் கேட்பது எப்படி என்று மற்றப் பிரிவு மருத்துவமாதுகளுக்கு என்னைக் கொண்டு சொல்லிக்கொடுத்தார் குசுமா மிஸ். கூட்டக் குறிப்பில் அதற்குக் கௌரவமான ஒரு பெயர் இருந்தது. ஒபிஸில் எல்லாரும் கக்கூஸ் முறை என்றுதான் சொன்னார்கள். நானோ முறையைவிட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பெரிதாக நினைத்தேன். "அது அல்லாஹ்வுக்குச் சொன்னது. இப்ப எனக்குச் சொல்லுங்க." புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதை எந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் பயிற்றினேன். சில பிள்ளைகள் எழுதியும் வைத்துக்கொண்டார்கள். மஸ்கட் பங்கிட்ட புத்தி எங்கே போகும்?

புதிய அறையின் திறப்பு விழாவிலும் அந்த வாக்கியத்தைத்தான் கடைசியில் சொன்னேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். கை தட்டினார்கள். குசுமா மிஸ்ஸும் வந்திருந்தார். பென்ஷன் எடுத்தவர், எங்கள் ஊரில் வீடு வாங்கவில்லை. அறையின் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். உள்ளே இரண்டு பெரிய கதிரை, ஒரு மேசை விசிறி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மாமிமாருக்கு வெளியே நிழல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. ஹாஜரா ராத்தா ஏற்கெனவே அதில் இருந்து, புதுக் கதவைப் பற்றி நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு பேத்தி பாற்சோறு சாப்பிட்டாள்.

நஸ்மியா என்னைத் தேடி வந்தாள். பேச்சு நல்லம் மிஸ் என்றாள். முகத்தில் ஒரு தயக்கம்.

"ஆனா மிஸ், அந்த அல்லாஹ்வுக்குச் சொன்னது எண்ட கதை. அப்படி ஒண்டு நீங்க சொன்ன மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல."

பதினைந்து பேரையாவது அந்த வாக்கியத்தில் பயிற்றியிருப்பேன். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க அந்த வெயில்ல நிண்டு வேர்த்துக் கொட்டினீங்க. மொகமெல்லாம் செவந்து போய் இரிந்திச்சு. என்னவாவது சொன்னாத்தான் இந்த மனிசி உள்ளுக்குப் போகும் எண்டு நெனச்சன்," என்றாள். "நிழல்ல நிக்கணும் எண்டு கழுதைக்கும் தெரிஞ்சிரிந்திச்சு. ஒங்களுக்குத் தெரியல்ல. பாவமாப் போச்சு மிஸ்."